எந்திரம் எழுதிய உரை

தமிழ் கற்பிப்பவனுக்கு எம்4 என்னும் கணினி மொழியோடு என்ன வேலை என்று இப்பக்கங்களை வழக்கமாக வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பாடவேறுபாடு, சொல்லடைவு, உரைமரபு என்று எழுதிக்கொண்டிருந்தவன் மென்பொருளை நிறுவும் நிரல்களைப் பற்றி எழுதப் புகுந்தால், ஒன்று அவனுக்கு வேலை குறைந்திருக்க வேண்டும். அல்லது வேலையே அவனை அங்கே இழுத்துச் சென்றிருக்க வேண்டும். என் விஷயத்தில் நடந்தது இரண்டாவது.

எங்கள் துறையில் சில ஆண்டுகளாக ஒரு சிறு பணி நடந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான, காப்புரிமைக் காலம் முடிந்த உரைநூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, டெசராக்ட் என்னும் எழுத்துணரி நிரலின் வழியே எழுத்தாக்கிப் பிழைதிருத்தி, சொல்லடைவு தொகுக்கிறோம். டெசராக்ட், எச்.பி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980களில் பிறந்து, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. தமிழையும் வாசிக்கும். படம், எழுத்துணரி, திருத்தப் பட்டியல், சொல்லடைவு ஆகிய நான்கையும் ஒரே கயிற்றில் கட்டும் சிறு நிரல்தொகுதி ஒன்றை என் பழைய மாணவர் ஒருவர் எழுதித் தந்தார். தமிழிலக்கியம் படித்துவிட்டு மென்பொருள் துறைக்குச் சென்றவர் அவர். இரவு பத்து மணிக்கு மேல்தான் ஓய்வாகத் தொலைபேசியில் கிடைப்பார்.

தொகுதி அவருடைய கணினியில் அழகாக ஓடியது. எங்கள் துறையிலோ ஐந்து கணினிகள், ஐந்தும் ஐந்து விதம். ஒன்றில் டெசராக்ட் உண்டு, தமிழ்த் தரவு இல்லை. இன்னொன்றில் தரவு உண்டு, படங்களைக் கையாளும் லெப்டோனிகா நூலகம் பழையது. மூன்றாவதில் எல்லாம் உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஆகவே தொகுதியை நிறுவுவதற்கு முன்னால் ஒரு நிரல் அந்தந்தக் கணினியிடம் ‘உன்னிடம் என்னென்ன இருக்கிறது?’ என்று விசாரித்து, அதற்கேற்ப அமைப்புகளை எழுதிவைக்க வேண்டும். அந்த விசாரணையை எந்த மொழியில் எழுதுவது? இதுதான் எங்கள் இருவருக்கும் இடையே மூன்று மாதங்களாக நடந்த வழக்கு. வழக்கின் போக்கில் நான் வாசிக்க நேர்ந்தவையே இக்கட்டுரை.

கல்யாண வீட்டுக்கு வரும் தலைமைச் சமையற்காரரை எண்ணிப் பாருங்கள். முதல்நாள் மாலையே வந்துவிடுவார். அடுப்பு எத்தனை, அண்டா எந்த அளவு, தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரிலுள்ள மண்டபங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ‘இந்த மண்டபத்தில் ஆறு அடுப்பு’ என்று பட்டியலை நம்பலாம். அல்லது பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு அடுப்பையும் தாமே பற்றவைத்துப் பார்க்கலாம்.

1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் டேவிட் மெக்கன்சி என்பவர் முன்னால் நின்ற சிக்கலும் இதுவே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகக் குனு கருவிகள் பலவற்றை அவர் பராமரித்து வந்தார். அந்நாளில் யுனிக்ஸ் என்ற பெயரில் பல நிறுவனங்கள் பலவகை இயங்குதளங்களை விற்றன. ஒன்றில் இருக்கும் செயற்கூறு மற்றொன்றில் இராது. ஒரு தொகுதியை நிறுவ, பயனர் தம் கையால் ஏறத்தாழ இருபது அமைப்புகளைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்ததாம். மெக்கன்சி ஒரு சிறு ஷெல் நிரல் எழுதினார். அது இயங்குதளத்தின் பெயரைக் கேட்பதில்லை. ஒரு சின்னஞ்சிறு சி நிரலைத் தானே எழுதி, அதைத் தொகுத்துப் பார்க்கும். தொகுந்தால் அந்த வசதி உண்டு; தொகாவிட்டால் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பது என்றேனே, அது.

பட்டியல் வழியை நம்பியவர்களும் அப்போது இருந்தார்கள். சிக்னஸ் நிறுவனத்தார் உருவாக்கிக்கொண்டிருந்த கருவி அத்தகையது. எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் எது உண்டு என்ற பட்டியலைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நடவாத காரியம் என்று மெக்கன்சி கருதினார். உள்ளூரில் ஒருவர் கைவைத்து மாற்றிய கணினி எந்தப் பட்டியலில் வரும்? கைப்பட எழுதிய அந்த நிரல் பல தொகுதிகளுக்குப் பரவிற்று. ஒன்றில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும் என்னும் நிலை வந்தது. அப்போதுதான் அந்நிரல்களையே எழுதித் தரும் நிரல் ஒன்றை அவர் உருவாக்கினார். ‘ஆட்டோகான்ஃபிக்’ என்று பெயரிட நினைத்தாராம். பதிப்பெண்ணையும் சேர்த்தால் பழைய யுனிக்ஸ் கோப்புப் பெயருக்கான நீளத்தைத் தாண்டிவிடும் என்பதால் கடைசி எழுத்துகளை வெட்டி ‘ஆட்டோகான்ஃப்’ ஆக்கினார். (ஈறு கெடுதலுக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று நம் இலக்கணிகள் எண்ணியிருக்க மாட்டார்கள்.)

மொழித் தெரிவுக்கு வருவோம். விசாரணை நிரல் ஷெல்லில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை; எந்த யுனிக்ஸ் கணினியிலும் ஷெல் இருக்கும். அந்த ஷெல் நிரலை உருவாக்கித் தரும் மொழியாக எதைக் கொள்வது? பெர்ல் மொழியை எண்ணிப் பார்த்து விட்டுவிட்டார். 1977இல் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய எம்4 என்னும் சொல்மாற்று மொழியைத் தேர்ந்தார். இதற்கு அவர் தரும் காரணங்கள் மூன்று. வெறும் எழுத்தை எழுத்தால் மாற்றும் வேலைக்கு அது பொருத்தமானது. எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. நண்பர்கள் சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் தமக்கும் ஒரு புது மொழியில் கைவைத்துப் பார்க்க ஆசை. மூன்றாவது காரணத்தை வாசித்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நிரலாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுமக்கும் ஒரு மொழி, மூன்றில் ஒரு பங்கு ஆசையினால் வந்தது! அந்த வரலாற்றை அவர் ஆட்டோகான்ஃப் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார். விவிலியத்தின் முதல் ஐந்து ஆகமங்களின் பெயர்களையே அதன் ஐந்து பகுதிகளுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். ஆதியாகமத்தில் தொடங்கி உபாகமத்தில் முடிகிறது. மென்பொருள் கையேடுகளில் நகைச்சுவை அரிது. இருக்கும் இடத்தில் போற்ற வேண்டும்.

எம்4 மொழியின் இயல்பு விசித்திரமானது. அது ஒரு சொல்லைக் கண்டால் அதற்குரிய விரிவை அங்கே வைக்கும். வைத்த விரிவை மறுபடி வாசித்து, அதற்குள் வேறு சொல் இருந்தால் அதையும் விரிக்கும். ‘இதை விரிக்காதே, அப்படியே விடு’ என்று சொல்ல வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். ஒருமுறை வாசிக்கும்போது ஓர் அடுக்கு மேற்கோள் உரிந்துவிடும் என்பதால், இரண்டு முறை வாசிக்கப்படப்போகும் இடத்தில் இரண்டு அடுக்குத் தேவை. ஆட்டோகான்ஃபில் அக்குறிகள் சதுர அடைப்புகள். ஷெல்லும் சதுர அடைப்பைத் தன் வேலைக்குப் பயன்படுத்துவது. ஆக, ஒரு வரியில் நிற்கும் அடைப்பு எம்4க்கு உரியதா, ஷெல்லுக்கு உரியதா, இன்னும் உள்ளே பொதிந்திருக்கும் சி மொழிக்கு உரியதா என்று பிரித்தறிய வேண்டும். ‘என்றான் என்று அவள் சொன்னதாக இவன் கூறினான்’ என்று அடுக்கிச் செல்லும் வாக்கியத்தில் பேசுவோன் யார் என்று தேடும் அவஸ்தையை ஒத்தது இது.

நிரலாசிரியர் எழுதுவது சில பத்து வரிகள். ஒவ்வொன்றும் நூற்பாப் போலச் சுருங்கியது. அவற்றை ஆட்டோகான்ஃப் விரித்தால் கிடைக்கும் ‘கான்ஃபிகர்’ நிரல் பல்லாயிரம் வரிகளுக்குப் போகும். முதன்முதலில் அத்தகைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தபோது என் மனத்தில் தோன்றிய சொல் ‘உரை’ என்பதுதான். நூற்பா ஆசிரியருடையது, உரை எந்திரத்துடையது. ஆனால் இந்த ஒப்புமை ஓரளவுக்குமேல் செல்லாது. நம் உரைகள் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டவை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் சொன்ன பொருளைச் சேனாவரையர் மறுப்பார். அவரை இன்னொருவர் மறுப்பார். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க ஒரு மனிதர் நிற்கிறார். கான்ஃபிகர் நிரலை எவரும் வாசிப்பதில்லை. ஓட்டுவார்கள், திரையில் ‘ஆம், இல்லை, ஆம்’ என்று வரிகள் ஓடுவதைத் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

வாசிக்கப்படாத உரையில் ஒருவர் ஒரு வரியைச் செருகினால்?

இது கற்பனைக் கேள்வியன்று. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லாஸி காலின் என்பவர் நெடுங்காலமாகப் பராமரித்து வந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2021 வாக்கில் உதவ வந்தார், பொறுமையாக வேலை செய்தார், நம்பிக்கை பெற்றார், இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையைக் குறிவைத்த கதவு அது. ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் நிரலாளர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, உள்நுழைவுக்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். அரை நொடியை விடாமல் துரத்திச் சென்றவர் 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பெரும்பாலான கணினிகளுக்கு அப்பதிப்புகள் சென்று சேர்வதற்கு முன்பே பிடிபட்டது.

கதவின் சாவி எங்கே இருந்தது என்பதுதான் நம் விஷயத்துக்கு வேண்டியது. எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் அது இல்லை. பதிப்பாக வெளியிடப்பட்ட பொதியில் மட்டும், ஓர் எம்4 கோப்பில் இருந்தது. நிறுவும்போது அந்தச் சிறு வரிகள், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்த சிதைந்த தரவிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்துக் கட்டுமானத்தில் கலந்தன. களஞ்சியத்தில் இல்லாத கோப்பு பொதியில் மட்டும் இருந்தால் எவருக்கும் ஐயம் எழாதா? எழாது. ஆட்டோகான்ஃப் வழியில் அதுவே வழக்கம்; விரித்தெழுதப்பட்ட பகுதிகள் பொதியில்தான் சேர்க்கப்படும். மூலச்சுவடி ஓரிடம், அச்சுப்பிரதி ஓரிடம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பதிப்பாசிரியர் இல்லை. உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஒரு பாடத்துக்காக எத்தனை ஏடுகளை ஒப்புநோக்கினார்கள் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இதை வாசித்தபோது சிறிது நேரம் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன்.

இதே நிகழ்வில் இன்னொரு செய்தி இதைக்காட்டிலும் என்னை உறுத்துகிறது. எக்ஸ்இஸட்டை சிமேக் என்னும் வேறொரு கருவி வழியாகவும் கட்டலாம். அதற்கான கோப்பில், லினக்ஸின் ‘லேண்ட்லாக்’ என்னும் பாதுகாப்பு வேலி கணினியில் உண்டா என்று சோதிக்கும் ஒரு சின்ன சி நிரல் இருந்தது. 2024 பிப்ரவரியில் ஜியா டான் செய்த மாற்றத்தில் அதற்குள் ஒரு புள்ளி வந்து சேர்ந்தது. ஒரே ஒரு முற்றுப்புள்ளி, தனி வரியில். அந்தப் புள்ளியால் சோதனை நிரல் தொகாது. தொகாவிட்டால் வசதி இல்லை என்று பொருள். ஆக, வேலி இருக்கும் கணினியிலும் ‘வேலி இல்லை’ என்று முடிவாகி, வேலியின்றியே மென்பொருள் கட்டப்படும். பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. கள்ளக்கதவு வெளிப்பட்ட பின்னரே அந்தப் புள்ளி கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

புள்ளியைப் பற்றித் தமிழ் ஆசிரியனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. இல்லாத புள்ளியை வாசிப்பவர் இடமறிந்து இட்டுக்கொண்டார். பல நூற்றாண்டுகள் நம் நூல்கள் அப்படித்தான் பிழைத்து வந்தன. இட்டுக்கொள்வதில் தவறியவர்களால் பாடவேறுபாடுகளும் பிறந்தன. மனிதன் வாசித்தால் குறைந்த புள்ளியைக் கூட்டிக்கொள்வான்; மிகுந்த புள்ளியைக் கண்டு புருவம் நெரிப்பான். எந்திரமோ மிகுந்த புள்ளியை ‘இல்லை’ என்னும் விடையாகவே எடுத்துக்கொண்டது. மெக்கன்சியின் அருமையான யோசனைக்குள் தொடக்கம் முதலே இருந்த ஓட்டை இது. அடுப்பு பற்றவில்லை என்றால் அடுப்பு கெட்டது என்று முடிவு கட்டுகிறோம், தீக்குச்சி நனைந்திருக்கலாமே?

இவ்வளவையும் என் மாணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அதனாலதான் ஐயா பைதான்ல எழுதலாம்னு சொல்றேன். முழுமையான மொழி. எல்லாருக்கும் தெரியும். எம்4ம் வேண்டாம், அடைப்புச் சண்டையும் வேண்டாம்.”

நல்ல வாதம்தான். பலரும் முன்வைத்தது. எரிக் ரேமண்ட் லினக்ஸ் கருநிரலின் தெரிவுகளை அமைக்க, சிஎம்எல்2 என்னும் கருவியைப் பைதானில் எழுதினார். ஏறத்தாழ ஈராண்டுகள் உழைத்தார். கருநிரலைக் கட்டுவதற்குப் பைதானையும் நிறுவிக்கொள்ள வேண்டுமா என்று பலர் முகம் சுளித்தனர்; இன்னும் பல மனக்கசப்புகளும் சேர்ந்துகொண்டன. 2002இல் ரோமன் சிப்பல் எழுதிய ‘கேகான்ஃபிக்’ ஏற்றுக்கொள்ளப்பட்டது; சி மொழியில் எழுதப்பட்ட சிறு கருவி, தனக்கென ஓர் எளிய மொழி. இன்றும் கருநிரல் அதைக் கொண்டுதான் அமைக்கப்படுகிறது. கேடிஇ திட்டத்தார் நான்காம் பதிப்புக்காகப் பழைய ஆட்டோகான்ஃபைக் கைவிட்டுப் பைதான் அடிப்படையிலான எஸ்கான்ஸை முயன்றனர். 2006இல் அதையும் விட்டுச் சிமேக்குக்குச் சென்றனர். சிமேக்கைக் கட்ட சி++ தொகுப்பி ஒன்றே போதும். அதன் சொந்த மொழியோ அழகுக்குப் பெயர்போனதன்று. ஆனாலும் பரவிற்று. உலகம் அழகான மொழியைவிட ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மொழியையே விரும்புகிறது போலும்.

பைதான் உலகத்துக்குள்ளேயே ஒரு திருப்பம் உண்டு. அங்கே தொகுதிகளை நிறுவ நெடுங்காலம் ‘செட்டப்’ என்னும் பைதான் நிரலே வழக்கில் இருந்தது. அத்தொகுதிக்கு என்னென்ன வேண்டும் என்று அறிய அந்த நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுவதற்கே ஏதேனும் வேண்டியிருந்தால்? என்ன வேண்டும் என்று அறிய ஓட்ட வேண்டும். ஓட்ட, என்ன வேண்டும் என்று முன்பே அறிந்திருக்க வேண்டும். 2016இல் முன்வைக்கப்பட்ட 518ஆம் முன்மொழிவு, தேவைகளை நிரலுக்கு வெளியே டாமல் வடிவத்தில் வெறும் பட்டியலாக எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. முழுமையான மொழியை உடையவர்களே ‘இந்த இடத்தில் மொழி வேண்டாம், பட்டியல் போதும்’ என்ற முடிவுக்கு வந்தார்கள். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தபோது, அதில் எழுதப்பட்ட நிறுவுநிரல்கள் பல அந்தரத்தில் நின்றதையும் மாணவருக்கு நினைவூட்டினேன். “உண்மைதான் ஐயா” என்றார், குரலில் உடன்பாடு இன்றி.

வெறும் பட்டியலும் குற்றமற்றதன்று. யாமல் என்னும் வடிவத்தின் பழைய பதிப்பில் ‘நோ’ என்று எழுதினால் ‘அன்று’ என்னும் எதிர்மறை மதிப்பாகக் கொள்ளும். நாட்டுக் குறியீடுகளைப் பட்டியலிட்டவர்களுக்கு நார்வே மட்டும் காணாமற்போயிற்று. நார்வேயின் இரண்டெழுத்துக் குறியீடு ‘நோ’ என்பதற்குரிய அதே இரண்டு எழுத்துகள்தாம்.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே எனக்குப் பிடித்தது மெசான். ஜுஸ்ஸி பக்கனென் 2012 இறுதியில் தொடங்கியது. அதன் மொழி வேண்டுமென்றே குறுக்கப்பட்டது. பயனர் தமக்கெனச் செயற்கூறு எழுதிக்கொள்ள முடியாது. பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம், முடிவின்றிச் சுற்ற முடியாது. எதையும் செய்யவல்ல மொழியில் எழுதப்பட்ட நிறுவுநிரல் காலப்போக்கில் எதையெதையோ செய்யத் தொடங்கும் என்பது அவர்கள் கருத்து. நீங்கள் இப்போது இக்கட்டுரையைத் திரையில் வாசிக்கிறீர்கள் என்றால், ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்துக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்னும் நூலகமாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதுதான். ஆட்டோகான்ஃபில் வளர்ந்த அந்நூலகமும் பின்னர் மெசானுக்குக் குடிபெயர்ந்தது.

ஆயினும் எங்கள் தொகுதிக்கு மெசானும் பெரிது. எங்களுக்கு வேண்டியவை ஆறே ஆறு விசாரணைகள். நான் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: நிறுவுநிரலை எங்கள் துறையில் ஒருவர் ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாணவருக்கு வேலை மாறலாம். நான் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வை எண்ணத் தொடங்குவேன். சொல்லடைவோ இன்னும் பதினைந்து நூல்களுக்கு மேல் பாக்கி இருக்கிறது. எவரும் திறந்து பார்க்க அஞ்சும் ஒரு கோப்பின்மேல் அதை ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை. எனவே, வெறும் ஷெல். நூற்றைம்பது வரிகளுக்கு மிகாமல். ஒவ்வொரு விசாரணைக்கும் மேலே தமிழில் குறிப்பு. மாணவர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு எழுதி அனுப்பினார்.

அதை வாசித்தவர் என்னோடு பணியாற்றும் பேராசிரியை. சிலம்பில் ஆய்வு செய்தவர். நிரல் எதையும் அதற்கு முன் வாசித்ததில்லை. இரண்டு பிற்பகல்கள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வந்து, “ஐயா, தமிழ்த் தரவு இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் கோப்பின் பெயரைத்தானே பார்க்கிறது? கோப்பு வெறுமையாக இருந்தால்?” என்றார். மாணவரிடம் சொன்னேன். தொலைபேசியில் சற்று மௌனம். “டெசராக்டும் பெயரை வைத்துத்தான் பட்டியல் தரும்” என்றார் பிறகு. அடுப்பைப் பற்றவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் அச்சிட்ட சிறு படத்தைத் தொகுதியோடு சேர்த்துவைத்து, எழுத்துணரி அதைச் சரியாக வாசிக்கிறதா என்று சோதிப்பது என்று முடிவாயிற்று. அம்மையாரே சொல்லையும் தேர்ந்தார்: ‘பொழுது’.

இங்கேதான் மாணவர் எனக்கு ஒரு குட்டு வைத்தார். ஒருங்குறியில் ‘பொ’ என்பதை இருவிதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஷெல்லோ எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, வேறு வேறு என்று சொல்லிவிடும். “பைதான்ல இதுக்கு ரெண்டு வரி போதும் ஐயா, ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துட்டு ஒப்பிடலாம். ஷெல்ல அதுக்கு வழியே இல்ல.” அவர் சொன்னது முற்றிலும் சரி. என்னிடம் பதில் இல்லை. பேராசிரியை மட்டும் அசரவில்லை. “சொல்லை மாற்றிவிடலாமே” என்றார். இப்போது படத்தில் இருப்பது ‘நிலம்’. சோதனையை மாற்றி மொழியைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று மாணவர் இன்றும் கேலி செய்கிறார். சொல்லடைவுக்குள்ளே அந்த ஒகரச் சிக்கலைத் தீர்க்க அவர் பைதானைத்தான் பயன்படுத்துகிறார். அதில் எனக்குத் தடையில்லை.

அம்மையார் கோரிய இன்னொரு திருத்தமும் சேர்ந்தது. நிரல் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு விடைகள் மட்டும் தந்துகொண்டிருந்தது. சோதனையே நடக்காமற்போனால் அதை ‘இல்லை’ என்று எழுதுவது பொய் என்றார் அவர். ஆகவே மூன்றாவதாக ‘அறிய இயலவில்லை’ என்று ஒரு விடை; அது வந்தால் நிறுவல் அங்கேயே நின்றுவிடும், ஒருவர் வந்து பார்க்கும்வரை. இதற்காகப் பதினெட்டு வரிகள் கூடின. நூற்றைம்பது என்ற எல்லையை நூற்று அறுபது ஆக்கிக் கொடுத்தேன்.

போன வாரம் ஐந்து கணினிகளிலும் ஓட்டினோம். நான்கில் நிறுவி முடிந்தது. நூலகத்துக் கணினி மட்டும், தமிழ்த் தரவைப் பற்றிய வரியில், ‘அறிய இயலவில்லை’ என்று சொல்லி நிற்கிறது. கோப்பு இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. திங்கட்கிழமை பிற்பகல் எனக்கு வகுப்பில்லை, பேராசிரியைக்கும் இல்லை. போய்ப் பார்க்க வேண்டும்.